ஒன்றரை டன் ஐஸும் ஆயாவின் ஏசியும்

எங்கள் வீட்டில் ஏசி வந்து இறங்கிய அன்று ஆயா கேட்ட முதல் கேள்வி இதுதான்: "ஒன்றரை டன்னாமே, செவுரு தாங்குமாடா?"

மாட்ட வந்த பையன் சிரித்துவிட்டான். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். ஆனால் சத்தியமாக அந்த நேரத்தில் எனக்கும் பதில் தெரியாது. ஒன்றரை டன் என்றால் என்ன? அந்தப் பெட்டியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிவிட்டார்கள். அப்புறம் எங்கே இருக்கிறது டன்?

இது நடந்தது 2023 ஏப்ரலில். பிளஸ் டூ பரீட்சை முடிந்து செங்கல்பட்டில் வீட்டில் சும்மா இருந்த நேரம். ஆயாவுக்கு மூச்சு வாங்கும் தொல்லை. மாடி அறையின் புழுக்கம் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அப்பா கடன் சொல்லித்தான் ஏசி வாங்கினார். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் மூன்று நட்சத்திரமும், ஆண்டுக்கு 960 யூனிட் என்று ஒரு எண்ணும் இருந்தன. அந்த எண்ணை வைத்துக்கொண்டு கரண்ட் பில் எவ்வளவு வரும் என்று நான் ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தேன். காமர்ஸ் பையன் போட்ட கணக்காச்சே என்று எல்லோரும் நம்பினார்கள். அது எப்படித் தப்பாகப் போனது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை. அதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால், 1833க்குப் போக வேண்டும்.

ஏசியின் டன் என்பது எடை அல்ல. ஐஸ். ஒரு டன் ஐஸ் இருபத்துநான்கு மணி நேரத்தில் முழுசாக உருகினால் எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அந்த வேகம்தான் ஒரு டன். இது அமெரிக்க டன், அதாவது 2000 பவுண்டு, சுமார் 907 கிலோ. இன்றைய அளவில் சொன்னால் 3.5 கிலோவாட் வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றும் திறன். ஆக எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் பெட்டி முழு மூச்சில் ஓடினால், ஒரு நாளைக்கு 1360 கிலோ ஐஸைக் கொண்டுவந்து அறைக்குள் கொட்டினதற்குச் சமம். ஆயா கேட்டது அவ்வளவு ஒன்றும் முட்டாள்தனமான கேள்வி இல்லை!

ஏன் ஐஸில் அளந்தார்கள்? மெஷின் வருவதற்கு முன்னால் குளிர்ச்சி என்பது ஐஸாகத்தான் விற்கப்பட்டது. அந்த வியாபாரத்தின் ஒரு முனை அமெரிக்காவின் பாஸ்டன். இன்னொரு முனை நம் மெரினா.

பாஸ்டன்காரர் ஃபிரெடரிக் டியூடர், குளிர்காலத்தில் ஏரிகளில் உறையும் பனியை அறுத்துக் கப்பலில் ஏற்றி வெயில் தேசங்களுக்கு விற்றார். முதலில் ஊரே சிரித்ததாம். 1833இல் 'டஸ்கனி' என்ற கப்பலில் 180 டன் ஐஸ் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. நான்கு மாதம் கழித்துச் சென்று சேர்ந்தபோது சுமார் 100 டன் மிச்சம் இருந்தது. 80 டன் வழியில் தண்ணீராகிப் போனது. இருந்தும் லாபம்! சென்னையில் 1842 வாக்கில் கடற்கரையை ஒட்டி ஐஸைச் சேமிக்க ஒரு உருண்டைக் கட்டிடம் எழுந்தது. திருவல்லிக்கேணிப் பக்கம் இன்றைக்கும் அந்த இடத்துக்கு ஐஸ் ஹவுஸ் என்றுதான் பேர். 1897இல் விவேகானந்தர் தங்கிய கட்டிடமும் அதுதான், இப்போது விவேகானந்தர் இல்லம். அமெரிக்க எழுத்தாளர் தோரோ 1854இல் வெளியிட்ட 'வால்டன்' நூலில், தன் குளத்துத் தண்ணீரைச் சென்னைக்காரர்களும் குடிக்கிறார்கள் என்று பெருமையாக எழுதியிருக்கிறார்.

இதில் என்னைக் கவர்ந்தது டியூடரின் நஷ்டக் கணக்கு. எத்தனை டன் ஏற்றினோம், மரத்தூள் எவ்வளவு போட்டோம், எத்தனை நாள் பயணம், எத்தனை டன் உருகியது... ஒரு இடத்தைக் குளிர்ச்சியாக வைத்திருக்க என்ன செலவாகும் என்று முன்கூட்டியே கணிக்கிற வேலையைக் காசு போட்டுச் செய்தவர்களில் அவர் முன்னோடி. அவருக்கு நன்றாகத் தெரிந்த உண்மை ஒன்று உண்டு: ஐஸைவிட அதைச் சுற்றியிருக்கும் பெட்டி முக்கியம். பெட்டி சரியில்லை என்றால் எவ்வளவு ஐஸ் போட்டாலும் தீர்ந்துபோகும். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வேண்டும்.

1870களில் மெஷினிலேயே ஐஸ் தயாரிக்கத் தொடங்கியதும் கப்பல் ஐஸ் படுத்துவிட்டது. எப்படியிருந்தாலும் அந்த ஐஸ் துரைமார்களின் கிளாசுக்கும் காய்ச்சல்காரர்களின் நெற்றிக்கும்தான் போனது. வீட்டை யாரும் ஐஸ் வைத்துக் குளிரவைக்கவில்லை.

அப்படியானால் வீடு எப்படிக் குளிர்ந்தது? துரை வீட்டில் இரண்டு வழி. ஒன்று பங்கா. உத்தரத்திலிருந்து தொங்கும் பெரிய துணிச் சட்டத்தை ஒரு ஆள் கயிற்றால் இழுத்துக்கொண்டே இருப்பான், ராத்திரி முழுக்க. ஒரு மனிதன் மணிக்கணக்கில் விடாமல் செய்யக்கூடிய வேலை சுமார் 75 வாட் என்பார்கள். பழைய சீலிங் ஃபேன் ஒன்று இழுக்கும் கரண்டும் ஏறக்குறைய அதேதான். உங்கள் வீட்டில் மூன்று ஃபேன் ஓடினால், மூன்று பேர் வாசலில் உட்கார்ந்து கயிறு இழுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அவர்கள் பெயர் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் தனியாக இருந்திருக்காது, கூலி என்ற ஒரு வரிதான்.

இரண்டாவது வழி வெட்டிவேர் தட்டி. சன்னலில் வெட்டிவேரால் முடைந்த தட்டியைக் கட்டித் தண்ணீர் தெளிப்பார்கள். அனல் காற்று அதன் வழியாக உள்ளே வரும்போது தண்ணீரை ஆவியாக்கி, தான் குளிர்ந்துவிடும். வாசனை இலவசம். ஆனால் இதில் ஒரு சிக்கல். காற்று ஏற்கனவே ஈரமாக இருந்தால் தட்டி வேலை செய்யாது. வடக்கே டில்லிப் பக்கம் வறண்ட காற்றில் பிரமாதமாக ஓடும் சமாசாரம், நம் கடற்கரையில் பாதி நேரம் சும்மா நனைந்த வேர்தான்.

எங்கள் மாவட்டத்துக் காற்றைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். (செங்கல்பட்டு தனி மாவட்டமாகி 2019 நவம்பரிலிருந்துதான், ஆனால் காற்றுக்கு அதெல்லாம் தெரியாது :-) ) மே மாதம் காலையில் மேற்கிலிருந்து மேல்காற்று அடிக்கும். நிலத்தின் மேல் தவழ்ந்து வரும் வறண்ட அனல். பதினொன்று, பன்னிரண்டு மணிக்குக் கடல்காற்று உள்ளே நுழைய முயலும். மேல்காற்று வலுவாக இருந்தால் கடல்காற்று தள்ளிப் போகும், வெயில் நாற்பதைத் தாண்டும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானதே, கடல்காற்று நேரத்துக்கு வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த மாதிரி நாட்கள்தான் சாட்சி. கடல்காற்று மாமல்லபுரத்தை முதலில் தொடும், சுமார் 30 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் செங்கல்பட்டுக்குத் தாமதமாக வரும். வரும்போது குளிர்ச்சியை மட்டுமா கொண்டுவருகிறது? கூடவே ஈரத்தையும் கொண்டுவருகிறது. வெப்பம் நான்கு டிகிரி இறங்கியும் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டே இருப்பது அதனால்தான்.

ஆக நம் கரையில் வீட்டைக் குளிர்விப்பது என்றால் வெப்பத்தோடு ஈரத்தையும் எடுக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால் ஏசி பிறந்ததே ஈரத்தை எடுக்கத்தான். 1902இல் நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு அச்சகத்தில் காகிதம் ஈரத்தில் ஊறி விரிந்து கலர் விலகிப்போனது. அதைச் சரிசெய்ய வில்லிஸ் கேரியர் என்ற இளம் இன்ஜினியர் வடிவமைத்த சாதனம்தான் இன்றைய ஏசிக்கு முன்னோர். மனிதனுக்காக அல்ல, காகிதத்துக்காக!

நிற்க. துரை வீடு போகட்டும், நம் வீடு?

என் ஆயா பிறந்தது சதுரங்கப்பட்டினம். டச்சுக்கோட்டை இருக்கும் அதே ஊர், பக்கத்திலேயே கல்பாக்கம். அவர் பிறந்த வீடு மண் சுவர், மேலே தென்னங்கீற்று. "குளுகுளுன்னு இருக்கும்" என்பார். உண்மைதான். கீற்றுக்குள் காற்று சிறைப்பட்டுக் கிடக்கிறது, சூடு எளிதில் இறங்காது. கீற்று சூட்டைச் சேமித்து வைப்பதும் இல்லை. சூரியன் சாய்ந்த அரை மணியில் கூரையும் ஆறிவிடும்.

உடனே "அந்தக் காலத்து வீடு மாதிரி வருமா" என்று ஆரம்பிக்காதீர்கள். முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குக் கல்லூரியிலிருந்து போனபோது நானும் அந்தச் செட்டிநாட்டு வீட்டு முற்றத்தில் நின்று ஆஹா என்றவன்தான். உயரமான கூரை, முற்றம் வழியே ஏறிப்போகும் சூடான காற்று, நிழலான தாழ்வாரம், எல்லாம் அருமை. ஆனால் அது பணக்காரர் வீடு. என் ஆயாவின் வீடு அதுவல்ல. அவர் வீட்டில் குளுகுளு மட்டும் இல்லை, வருஷா வருஷம் கீற்று மாற்றும் செலவு, ஐப்பசியில் ஒழுகல், பாம்பு, எல்லாவற்றுக்கும் மேல் நெருப்பு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் கீற்றுக்கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் போனார்கள். அதற்கு அப்புறமும் கீற்றைப் பற்றிக் கவிதை பாட எனக்கு மனசு வராது. ஆயாவும் பாடமாட்டார்.

எங்கள் பாடத்து பாஷையில் சொன்னால், கீற்று என்பது வருவாய்ச் செலவு, ஆண்டுக்கு ஆண்டு வந்துகொண்டே இருக்கும். கான்கிரீட் மூலதனச் செலவு, ஒரு தடவை போட்டால் முடிந்தது. எந்தக் குடும்பமும் இரண்டாவதைத்தான் விரும்பும். அரசும் அதைத்தான் செய்தது. 2010இல் 21 லட்சம் குடிசைகளைக் கான்கிரீட் வீடாக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2011இல் சூரிய விளக்கோடு 300 சதுர அடியில் பசுமை வீடுகள். 2024இல் மறுபடி, ஆறு ஆண்டில் எட்டு லட்சம் கான்கிரீட் வீடுகள் என்று கனவு இல்லம். எல்லாம் நல்லதே. ஆனால் அந்த மூலதனச் செலவுக்குப் பின்னால் ஒரு புது வருவாய்ச் செலவு ஒளிந்திருந்ததை யாரும் ஐந்தொகையில் காட்டவில்லை.

கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடிக்கும். ஐந்தாறு அங்குலத் தடிமனைத் தாண்டி அந்தச் சூடு அறைப்பக்கம் வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். அதாவது இரண்டு மணி வெயில், ஏழு மணிக்கு அறைக்குள் வருகிறது. வெளியே கடல்காற்று அடித்து ஊரே ஆறியிருக்கும்போது, உள்ளே தலைக்கு மேல் அடுப்பு. பழைய மெட்ராஸ் டெரஸ் தளத்தில் தேக்கு உத்தரங்களுக்கு மேல் செங்கலைக் குத்துக்கல்லாக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கெட்டித்து, மேலே தட்டோடு பதிப்பார்கள். கான்கிரீட் வந்த பிறகும் கொஞ்ச காலம் அதன் மேல் சுண்ணாம்பு ஜல்லி போடும் பழக்கம் இருந்தது. பணம் குறைகிறபோது முதலில் விடுபடுவது அதுதான். எங்கள் மாடி அறையிலும் விட்டுப்போயிருந்தது.

சரி, கணக்குப் போடுகிறவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

ஒரு வீட்டுக்கு எவ்வளவு எரிசக்தி வேண்டும் என்று கணிக்கும் கலை குளிர் தேசங்களில் வளர்ந்தது. அவர்கள் கவலை வீட்டைச் சூடாக்குவது. அதற்கு ஒரு எளிய உத்தி வைத்திருக்கிறார்கள்: டிகிரி நாள். ஒரு நாளின் சராசரி வெப்பம் ஒரு எல்லைக்கு எத்தனை டிகிரி கீழே இருக்கிறது என்று பார்த்து, வருடம் முழுக்கக் கூட்டினால் அவ்வளவு விறகோ எரிவாயுவோ தேவை. இந்த மாதிரிக் கூட்டலை முதலில் செய்தவர் ரிச்சர்டு ஸ்ட்ராச்சி. இந்தியாவில் வேலை பார்த்த ஆங்கிலேய ராணுவ இன்ஜினியர். 1878இல் பயிர் வளரும் பருவத்தைக் கணிக்க அவர் போட்டது, பிறகு வீட்டுக்கு வந்தது.

அதையே திருப்பிப் போட்டுக் குளிர்விக்கும் கணக்கும் போடுகிறார்கள். எல்லையாகப் பல இடங்களில் வைப்பது 18 டிகிரி. நமக்கு 18 டிகிரியா? மார்கழி விடியலில் கோலம் போடும்போதே 21 இருக்குமே! சென்னையின் வருடச் சராசரி 28, 29. அந்த முறைப்படி கணக்கிட்டால் வருடத்துக்கு 3800 டிகிரி நாளாவது வரும், 365 நாளும் ஏசி ஓட வேண்டும், தை மாதம் உட்பட. கம்பளியை எப்போது எடுக்கலாம் என்று யோசித்தவர்கள் வைத்த எல்லை நமக்கு எப்படிப் பொருந்தும்?

இதை உணர்ந்து நம் ஆட்களே ஒரு கணக்குப் போட்டார்கள். ரூர்க்கியில் இருக்கும் மத்திய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த எம். ஆர். சர்மாவும் ஷராஃபத் அலியும் இந்தியர்களை உட்காரவைத்து, எப்போது சுகமாக இருக்கிறது, எப்போது புழுங்குகிறது என்று கேட்டுக் கேட்டு 1986இல் வெளியிட்ட வெப்பமண்டலக் கோடைக் குறியீடு. அதில் மூன்று விஷயம் உண்டு. ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் அளவு, அதாவது காற்றின் ஈரம். கறுப்புக் கோளத்துக்குள் வைத்த தெர்மாமீட்டரின் அளவு. இது சுற்றியுள்ள சுவர், கூரையிலிருந்து வரும் அனலையும் சேர்த்து உணரும். மூன்றாவது, மேலே படும் காற்றின் வேகம். விடை 25க்கும் 30க்கும் நடுவில் வந்தால் சுகம், 27.5 வந்தால் உத்தமம்.

எங்கள் பகுதியின் மே மாத இரவு ஒன்றை அதில் போட்டுப் பார்த்தேன். கூரை சூடில்லாத அறை, 30 டிகிரி, ஈரத்துணி அளவு 27, காற்றே இல்லை: 28.8. ஃபேன் போட்டு வினாடிக்கு இரண்டு மீட்டர் காற்று அடித்தால் 27.2. கிட்டத்தட்ட உத்தமம்! ஏசியே வேண்டாம். இப்போது அதே அறைக்கு மேல் வெயில் குடித்த கான்கிரீட்டை வையுங்கள். கறுப்புக் கோளம் 33 காட்டும் என்று வைத்துக்கொண்டால், ஃபேன் இல்லாமல் 31, ஃபேனோடு 29.4. ஃபேன் ஒன்றரை டிகிரி குறைக்கிறது, கூரை இரண்டேகால் டிகிரி கூட்டிவிடுகிறது. ஆயாவின் சதுரங்கப்பட்டினத்துக் கீற்று வீட்டுக்கும் செங்கல்பட்டு மாடி அறைக்கும் உள்ள வித்தியாசம் அந்த இரண்டேகால்தான்.

இனி ஸ்டிக்கருக்கு வருவோம். எரிசக்தித் திறன் பணியகம் 2006இல் நட்சத்திரக் குறியீட்டைத் தொடங்கியது. ஏசிகளுக்கு 2010இலிருந்து அது கட்டாயம். 2018 ஜனவரியிலிருந்து புது முறை. வருடத்துக்கு 1600 மணி நேரம் ஏசி ஓடும் என்று வைத்து, அந்த மணிகளை வெளி வெப்பம் 24இலிருந்து 43 டிகிரி வரை பிரித்து ஒரு பட்டியல். அந்தப் பட்டியல் ராஜஸ்தானத்துக்கும் ஒன்றுதான், ராமேஸ்வரத்துக்கும் ஒன்றுதான். வெளியே வெப்பம் ஏற ஏற அறையின் சுமையும் நேர்கோட்டில் ஏறும், 35 டிகிரியில் முழுச் சுமை என்பது அனுமானம். சோதனைக்கூடத்தில் அறைக்காற்று 27 டிகிரி, ஈரத்துணி அளவு 19. அதாவது ஈரப்பதம் 47 சதவீதம் போல. நம் கரையில் ஏசி போடும் நேரத்தில் அறைக்காற்று அப்படியா இருக்கிறது? மழை பெய்த மறுநாள் உப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள், தெரியும்.

1986இல் ரூர்க்கிக்காரர்கள் எண்ணிய மூன்றும், ஈரம், கூரை அனல், காற்று, ஸ்டிக்கர் கணக்கில் இல்லை. இதில் மோசடி ஒன்றும் இல்லை. கடையில் இரண்டு பெட்டிகளை ஒப்பிட அது போதும், அதற்குத்தான் செய்தார்கள். அதை என் வீட்டின் பில்லாக நினைத்துக்கொண்டது என் தப்பு. ஸ்டிக்கர் பெட்டியைப் பற்றிப் பேசுகிறது, வீட்டைப் பற்றி அல்ல. டியூடரின் பாஷையில், ஐஸை எண்ணினேன், பெட்டியை எண்ணவில்லை.

என் கணக்கு இதுதான். 960ஐ 1600ஆல் வகுத்தால் மணிக்கு 0.6 யூனிட். ஆயாவுக்கு இரவு எட்டு மணி நேரம், அறுபது நாளைக்கு 480 மணி, 288 யூனிட். ஏசி இல்லாமல் எங்கள் இரண்டு மாத ரீடிங் 340. கூட்டினால் 628. அன்றைய கட்டணப்படி ரூ. 3002 வரும் என்று எழுதிக் கொடுத்தேன்.

ரீடிங் எடுக்க வந்தவர் அட்டையில் எழுதிவிட்டுப் போனது 772. பில் ரூ. 4298.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆயாதான் சொல்லாமல் கொள்ளாமல் அன்றிலிருந்து ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஏசியை அணைக்க ஆரம்பித்தார். மூச்சுக்காக வாங்கியதை, பில்லுக்காக அணைக்கிறார். அணைத்த பிறகு அவர் தூங்குவதில்லை என்பது எனக்குக் கொஞ்ச நாள் கழித்துத்தான் தெரிந்தது. என் 3002 தப்பில்லாமல் 4298 என்று முதலிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு பயந்திருக்கமாட்டார் என்று இப்போதும் தோன்றும்.

எங்கே போனது மீதி 144 யூனிட்? நான் இரண்டு வேலை செய்தேன். ஏசியின் தண்ணீர்க் குழாய்க்குக் கீழே ஒரு வாளி வைத்தேன். காலையில் 8 லிட்டர். ஒரு லிட்டர் ஆவியைத் தண்ணீராக்க 0.68 யூனிட் அளவு வெப்பத்தை எடுக்க வேண்டும். 8 லிட்டருக்கு 5.4. ஏசி ஒரு யூனிட் கரண்டில் மூன்றரை யூனிட் வெப்பத்தை வெளியேற்றுகிறது என்று கொண்டால், அந்த வாளித் தண்ணீருக்கு மட்டும் ஒன்றரை யூனிட் கரண்ட். ஒரு இரவின் ஏழு சொச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு, காற்றைப் பிழிவதற்கே. அடுத்தது, கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றித் தெர்மாமீட்டரை மேற்பரப்பு அளக்கும் நிலைக்கு மாற்றி, இரவு ஒன்பது மணிக்குக் கூரையைப் பார்த்து அழுத்தினேன். 39 டிகிரி. மனுஷனுக்கு என்றால் 102 காய்ச்சல்! 12க்கு 12 அடி அறையில் அந்தக் கூரையிலிருந்து இறங்கும் வெப்பம் தோராயமாக 900 வாட். தலைக்கு மேல் ஒரு ஹீட்டரை ஓடவிட்டு, பக்கத்திலேயே ஏசியையும் ஓடவிட்ட கதை. விடிய விடியக் குறையும் என்றாலும், ஸ்டிக்கரின் நேர்கோட்டில் இதற்கு இடமே இல்லை. வெளியே ஆறிவிட்டது, ஆகவே சுமை குறைந்துவிட்டது என்று அது நினைத்துக்கொள்ளும்.

(முதல் வாரம் நான் 22இல் வைத்து ஜமாய்த்ததும், இரண்டு மாதமாக ஃபில்டரைக் கழுவாததும் அந்த 144இல் அடக்கம். 2020 ஜனவரியிலிருந்து விற்கும் ஏசிகள் போட்டவுடன் 24இல் நிற்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ரிமோட்டில் கீழ் அம்புக்குறி இருக்கிறதே!)

கூரையைக் கணக்கில் சேர்க்கும் விதியும் இந்தியாவில் வந்துவிட்டது. 2018 டிசம்பரில் வெளியான ஈகோ நிவாஸ் சம்ஹிதா, வீட்டுக் கூரை எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடலாம் என்று உச்சவரம்பு வைக்கிறது. ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 1.2 வாட். மேலே ஒன்றும் போடாத வெறும் கான்கிரீட் தளம் அதைப்போல மூன்று மடங்கு விடும். நல்ல விதி. ஆனால் வெளியானபோது 500 சதுர மீட்டர் மனையிலிருந்துதான் பொருந்தும் என்று வைத்தார்கள். நம் பாஷையில் இரண்டேகால் கிரவுண்டு. செங்கல்பட்டில் இரண்டேகால் கிரவுண்டு வைத்திருப்பவர் பில்லைப் பார்த்து ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்திருக்கப் போகிறாரா?

எழுந்திருப்பவர்களுக்குப் பயம் 500 என்ற எண்ணில் இருக்கிறது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்றால் ரூ. 1725. 501 என்றால் ரூ. 1958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! 500ஐத் தாண்டினால் கீழே இருக்கும் ஒரு படியின் சலுகையும் போய்விடுவதால் வரும் வினை. ஸ்டிக்கரை நம்பினால், ஆயாவின் நான்கு மணி நேரத்துக்கு மொத்தம் 484தான், தப்பித்துவிடலாம். எங்கள் வீட்டின் உண்மையான 0.9ஐப் போட்டால் 556. கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதையே கூரைதான் தீர்மானிக்கிறது.

அங்கே கல்பாக்கத்தில், ஆயா ஊருக்குப் பக்கத்தில், 1983 முதல் அணுமின் நிலையம் வெப்பத்தை உண்டாக்கி, அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கரண்டாக்கி, மிச்சத்தைக் கடல் தண்ணீரில் விடும் ஏற்பாடு. அந்தக் கடல்மேல்தான் நம் கடல்காற்றும் பிறக்கிறது. இதைச் சொன்னபோது ஆயா, "அப்ப கடலுக்கு யாரு ஏசி போடுவா?" என்றார்.

2024 பங்குனியில் மொட்டை மாடியில் சுண்ணாம்பு இரண்டு கோட் அடித்தோம். நானும் அப்பாவும்தான், ஆள் வைக்கவில்லை. இரவு ஒன்பது மணிக் கூரை 39இலிருந்து 35க்கு வந்தது. ஆயா இரண்டு மணிக்கு அணைப்பதை நிறுத்தவில்லை. மே, ஜூன் ரீடிங் 517. பதினேழு யூனிட்டில் கோட்டைத் தாண்டிவிட்டோம்! அந்த வருடம் மே நடுவில் மழை வேறு பெய்தது, ஒரு வாரம் ஒரு கல்யாணத்துக்காக வீடு பூட்டிக் கிடந்தது. சுண்ணாம்பின் பங்கு எவ்வளவு, மழையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க என்னால் முடியவில்லை.

2025இல் ஆயாவே ஒரு யோசனை சொன்னார். "மாடியில கீத்துப் பந்தல் போடுங்கடா. வெயிலு அதுமேல விழட்டும்." எந்தக் கீற்றை விட்டு ஓடிவந்தோமோ, அதே கீற்று, இந்த முறை கான்கிரீட்டுக்கு மேலே. மூங்கில், கீற்று, கட்டுக் கூலி எல்லாம் சேர்த்து ரூ. 4500. பட்டாசு, அடுப்பு எதுவும் மாடிக்குப் போகக்கூடாது என்று அப்பா சட்டம் போட்டார். ஒன்பது மணிக் கூரை 33. ரீடிங் 463. போன வருடத்தைவிட 54 யூனிட் குறைவு. கோட்டுக்குக் கீழே வந்த சலுகையையும் சேர்த்தால்கூடச் சில நூறு ரூபாய்தான் மிச்சம், பந்தல் செலவோ 4500. லாப நஷ்டக் கணக்கு எழுதினால் சுத்த நஷ்டம். என் வகுப்பு நண்பன் ஒருவன் இதைக் கேட்டு, மூங்கிலை ஐந்து வருடத்துக்குத் தேய்மானம் போடலாமே என்றான். போட்டுப் பார்த்தேன், அப்படியும் நஷ்டம்தான்.

ஆயா அந்த மே மாதமும் இரண்டு மணிக்கு எழுந்து ஏசியை அணைத்தார். அணைத்துவிட்டு, ஃபேனைப் போட்டுக்கொண்டு, பால்காரர் மணி அடிக்கும்வரை தூங்கினார்.

கீற்றை ஆடிக்காற்றுக்கு முன்னால் பிரித்துவிட்டோம். மூங்கில் மட்டும் மாடியில் ஒரு ஓரமாகக் கிடக்கிறது.